மண்ணை நம்பிய மேதை

சோளிங்கர் மலையடிவாரத்திலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் சித்திரை, வைகாசித் திங்கள்களில் வெயில் நெருப்பெனக் காயும். வேலூரிலும் ஆம்பூரிலும் பாலாற்று மணல் காலைச் சுடும். அந்நாளில் உச்சிவேளையில், இன்றும் எஞ்சியிருக்கும் பழைய மண்சுவர் வீடு ஒன்றினுள் நுழைவோர், மரநிழலில் ஒதுங்கியது போன்ற குளிர்ச்சியை உணர்வர். அடுத்த தெருவில் உள்ள சிமெண்டுத் தளம் போட்ட வீட்டிலோ, நள்ளிரவிலும் சுவர் அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். இவ்வேறுபாட்டை உணராதவர் இலர்; ஆயின், அதன் காரணத்தை ஆராய்ந்தவர் சிலரே.

அச்சிலருள் தலைசிறந்தவர் எகிப்து நாட்டுக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபத்ஹி ஆவார். பாலைவனம் சூழ்ந்த நாட்டில் பிறந்த அவர், ஏழை உழவனும் வெயிலுக்கு அஞ்சாமல் வாழத்தக்க வீடு எது என்னும் வினாவுக்கு விடை காணத் தம் வாழ்நாள் முழுவதையும் செலவிட்டார். அவ்விடை அவருக்குப் பெரிய நூல்களிலிருந்து கிடைக்கவில்லை. எழுதப் படிக்கப் பயிலாத கொத்தர்களின் கைகளிலிருந்து கிடைத்தது.

இளமை

ஹசன் ஃபத்ஹி 1900ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் அலெக்சாந்திரியா நகரில் பிறந்தார். அவர் தந்தையார் செல்வர். நிலங்கள் பல உடையவர். ஆயினும், நாட்டுப்புறத்தை அவர் வெறுத்தார். ஈயும் கொசுவும் அழுக்கு நீரும் நிறைந்த இடம் என்றே அவர் கிராமத்தை எண்ணினார். அன்னையாரோ இளமையில் சில காலம் நாட்டுப்புறத்தில் வாழ்ந்தவர். தாம் வளர்த்த ஆட்டுக்குட்டிகளைப் பற்றியும் பசிய வயல்களைப் பற்றியும் அவர் தம் மகனுக்குக் கதை கதையாய்க் கூறுவார். தந்தை வெறுத்த கிராமமும் தாய் விரும்பிய கிராமமும் ஆகிய இரண்டும் சிறுவனின் உள்ளத்தில் ஒருங்கே குடிகொண்டன. ஆனால், தம் குடும்பத்திற்கு உரிய நிலத்தில் அவர் தம் இருபத்தேழாம் வயது வரை காலடி வைத்ததே இல்லை.

உழவுத் தொழிற்கல்வி கற்க வேண்டும் என்பது இளைஞர் ஹசனின் ஆசை. நுழைவுத் தேர்வில் பயிர் வளர்ப்பைப் பற்றி வினாக்கள் கேட்கப்பட்டன. வயலையே காணாத அவரால் விடை கூற இயலவில்லை. உழவுக் கல்லூரியின் கதவு அடைபட்டது. வேறு வழியின்றிக் கெய்ரோ நகரத்துப் பொறியியற் கல்லூரியில் சேர்ந்து கட்டடக் கலை பயின்று, 1926ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். அன்று மூடிய கதவே பிற்காலத்தில் எகிப்து நாட்டு உழவர்க்கு நன்மையாய் முடிந்தது.

கண்டதும் கலங்கியதும்

தொழிலில் நுழைந்த தொடக்கத்தில், நைல் ஆற்றின் கிளை ஒன்றின் கரையில் உள்ள தல்கா என்னும் சிற்றூரில் பள்ளிக்கூடம் ஒன்று கட்டும் பணியை மேற்பார்க்க அவர் சென்றார். அன்னையார் கூறிய கதைகளில் வந்த பசுமையை அங்கே அவர் காணவில்லை. சேறு நிறைந்த சந்துகளும் நோயுற்ற மக்களும் இடிந்த குடிசைகளுமே கண்ணில் பட்டன. அத்தெருக்களைக் காண மனம் பொறாமல், நாள்தோறும் சுற்று வழியில் பணிக்குச் சென்று வந்தார்.

அதன் பின்னர்த் தம் குடும்பத்துப் பண்ணைக்கு முதன்முறையாகச் சென்றார். அங்கும் அதே காட்சிதான். தம் செல்வத்துக்குக் காரணமாகிய உழவர்கள் நாணற் கூரையின் கீழ் நிமிர்ந்து நிற்கவும் இயலாத குடிசைகளில் வாழ்வதைக் கண்டார். அவ்வேழைகளின் நிலைக்குத் தாமும் பொறுப்பாளர் என்று உணர்ந்தார். அவர்தம் குடியிருப்பைச் சீர்திருத்த வேண்டும் என்று பெற்றோரிடம் மன்றாடினார்.

ஆனால், எதைக் கொண்டு கட்டுவது? இரும்பும் சிமெண்டும் விலை மிகுந்த பொருள்கள். எகிப்திலோ கட்டுமரம் அரிது, வெளிநாட்டிலிருந்தே வரவேண்டும். நாளெல்லாம் உழைத்தும் அரைவயிறு உண்ணும் உழவன் இவற்றை எங்ஙனம் வாங்குவான்? இவ்வாறு எண்ணிக்கொண்டிருந்தவர் தம் காலடியை நோக்கினார். நைல் ஆறு கொணர்ந்த வண்டல் மண் அங்கே கிடந்தது. அம்மண்ணுடன் வைக்கோலைக் கலந்து பிசைந்து, அச்சில் வார்த்து, வெயிலில் உலர்த்திய பச்சைச் செங்கலால் உழவர்கள் காலங்காலமாகச் சுவர் எழுப்பி வந்தனர். விலையில்லாப் பொருளாகிய அம்மண்ணே ஏழைக்கு ஏற்ற பொருள் என்று அவர் துணிந்தார். பச்சைச் செங்கல் வீடுகளுக்குரிய வரைபடங்களைத் தீட்டி, 1937ஆம் ஆண்டில் கண்காட்சியாக வைத்தார்.

கூரை என்னும் சிக்கல்

சுவர் எழுப்புதல் எளிது. அதன்மேல் கூரை வேய்தலே அரிது. தட்டையான கூரையைத் தாங்க உத்தரம் வேண்டும். உத்தரத்திற்கு மரம் வேண்டும். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது மரமும் இரும்பும் வருவது நின்றது. பாஹ்தீம் என்னும் இடத்துப் பண்ணையில் அவர் கட்டத் தொடங்கிய வீடுகள் கூரையின்றி நின்றன. மண்கல்லாலேயே வளைந்த கூரை அமைக்க முயன்றார். அதற்கும் அடியில் முட்டுக் கொடுக்க மரச்சாரம் வேண்டியிருந்தது. அரிதின் முயன்று கட்டிய வளைவுகளும் சரிந்து விழுந்தன.

அந்நிலையில் அஸ்வான் அணையில் பணியாற்றிய அவருடைய தமையனார் ஒரு செய்தி கூறினார். தென் எகிப்தில் வாழும் நூபியர் என்னும் மக்கள், மரம் ஒரு துண்டும் இன்றி, சாரமும் இன்றி, மண்கல்லாலேயே வளைகூரை அமைக்கின்றனர் என்பதே அச்செய்தி. கல்லூரியில் கற்ற கலைக்கு அது முரணாகத் தோன்றியது. இருப்பினும், 1941ஆம் ஆண்டில் தம் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு ஹசன் அஸ்வானுக்குப் புறப்பட்டார்.

அஸ்வானுக்கு அருகில், கர்ப் அஸ்வான் என்னும் நூபியச் சிற்றூரை அடைந்தபோது அவர் வியப்பில் ஆழ்ந்தார். வெண்மையும் வண்ணமும் பூசிய சுவர்களோடு, தூய்மையும் அழகும் நிறைந்த வீடுகள் வரிசையாய் நின்றன. ஒவ்வொன்றின் மேலும் மண்கல் வளைகூரை கவிந்திருந்தது. திரும்பும் வழியில் லக்சர் நகருக்கு எதிரே, மன்னர் இரண்டாம் ராம்சேசு எழுப்பிய கோயிலை ஒட்டிய களஞ்சியங்களைக் கண்டார். அவையும் பச்சைச் செங்கல் வளைகூரை உடையவை. மூவாயிரத்து இருநூறு ஆண்டுகளாக அவை பாலைவன வெயிலையும் காற்றையும் தாங்கி நிற்கின்றன. மறைந்துபோனதாக அறிஞர் எண்ணிய கலை நூபியச் சிற்றூர்களில் உயிரோடு இருந்தது.

கொத்தரிடம் பாடம் கேட்ட பேராசிரியர்

போக்தாதி அகமது அலி முதலான நூபியக் கொத்தர்களைத் தேடி வரவழைத்து, ஹசன் அவர்களுக்குப் பணி கொடுத்தார். நுண்கலைப் பள்ளியில் ஆசிரியராய் விளங்கிய அவர், கொத்தரின் முன் மாணவர் போல் நின்று அவர்தம் செய்கையைக் கூர்ந்து நோக்கினார்.

கொத்தர்கள் முதலில் அறையின் பின்சுவரைப் பக்கச் சுவர்களினும் உயரமாக எழுப்பினர். அச்சுவரின்மீது ஈரமண்ணை அப்பி, அளவுகோலும் கயிறும் இன்றிக் கையாலேயே ஒரு வில்வளைவைத் தீட்டினர். சங்கிலி ஒன்றின் இரு முனைகளையும் பிடித்துத் தொங்கவிட்டால் ஒரு வளைவு தோன்றும் அன்றோ? அதனைத் தலைகீழாகக் கவிழ்த்தது போன்றது அவ்வளைவு. அவ்வடிவில் அமைந்த கூரையில் எக்கல்லும் வளைந்து முறியாது. ஒவ்வொரு கல்லும் அடுத்ததை அழுத்தி நிற்கும். அழுத்தத்தைத் தாங்க மண்கல்லால் இயலும்.

கூரைக்கென வார்த்த கற்களில் வைக்கோல் மிகுதி. ஆதலின் அவை எடை குறைந்தவை. ஒவ்வொரு கல்லின் முகத்திலும் விரலால் கீறிய வரிகள் இருந்தன. ஈரமண்ணில் கல் ஒட்டிக்கொள்ள அவ்வரிகள் துணைசெய்தன. முதல் வரிசைக் கற்களைப் பின்சுவரின்மேல் சற்றே சாய்த்து ஒட்டினர். சாய்ந்து நின்றமையால் அவை கீழே விழவில்லை. அவ்வரிசையின்மேல் அடுத்த வரிசை சாய்ந்தது. இவ்வாறு வரிசை வரிசையாக வளர்ந்து, வெட்டவெளியில் கூரை உருவாயிற்று. மூன்று மீட்டர் அகலமும் நான்கு மீட்டர் நீளமும் உள்ள அறைக்குக் கூரை இட, கொத்தர் இருவர்க்கு ஒன்றரை நாளே போதியதாயிற்று. சாரம் இல்லை; உத்தரம் இல்லை; ஆணி ஒன்றும் இல்லை.

ஏழையின் வீட்டுக்குக் கூரை எங்கே என்று பல ஆண்டுகள் தேடியவர், விடை கண் முன்னே எழுந்து நிற்பதைக் கண்டார்.

குர்னாவின் கதை

1945ஆம் ஆண்டில் அவருக்கு அரியதொரு வாய்ப்பு வந்தது. லக்சருக்கு எதிரே, நைல் ஆற்றின் மேற்குக் கரையில் குர்னா என்னும் ஊர் இருந்தது. பண்டை எகிப்தியப் பெருமக்களின் கல்லறைகள்மீதே அவ்வூர் மக்கள் வீடு கட்டி வாழ்ந்தனர். கல்லறைப் பொருள்களை எடுத்து விற்பதும் வழிப்போக்கர்க்கு வழிகாட்டுவதும் பலருக்குப் பிழைப்பாக இருந்தன. பாறையில் செதுக்கிய அரிய சிற்பம் ஒன்று திருடப்பட்டபோது அரசு விழித்துக்கொண்டது. ஏறத்தாழ ஏழாயிரம் மக்களையும் அங்கிருந்து அகற்றிச் சமவெளியில் புதிய ஊர் ஒன்றில் குடியேற்ற முடிவு செய்தது. அப்புதிய ஊரைக் கட்டும் பொறுப்பு ஹசன் ஃபத்ஹியிடம் வந்தது.

ஒரே அச்சில் வார்த்தது போல் வீடுகளை வரிசையாய் அடுக்குவதை அவர் விரும்பவில்லை. ஒவ்வொரு குடும்பத்தின் அளவையும் தேவையையும் கேட்டறிந்து, அதற்கேற்ப வீடு அமைக்க முனைந்தார். உறவினர் குடும்பங்கள் ஒருங்கே வாழத்தக்கவாறு பொது முற்றங்களை வகுத்தார். அஸ்வான் கொத்தர்களை வரவழைத்து, உள்ளூர் இளைஞர்க்கு அவர்தம் தொழிலைக் கற்பிக்கச் செய்தார். தொழுகைக்கு ஒரு பள்ளிவாசல், சிறுவர்க்குப் பள்ளிக்கூடங்கள், அங்காடி, நாடக அரங்கு, கைத்தொழில் பயிலும் இடம் என யாவும் மண்கல்லால் எழுந்தன. குவிமாடமும் வளைகூரையும் கொண்ட அவ்வூரின் அழகை இன்றும் காண்போர் புகழ்கின்றனர்.

ஆயினும், ஊர் முழுமை பெறவில்லை. பழைய ஊரை விட்டு வெளியேற மக்கள் மறுத்தனர். தம் பிழைப்பு கல்லறைகளோடு பிணைந்திருப்பதை அவர்கள் அறிவர். புதிய ஊரில் அழகிய வீடு கிடைக்கும். உணவு எங்கிருந்து கிடைக்கும் என்பதே அவர்தம் அச்சம். அரசு ஆணையால் தம்மைப் பெயர்க்க முயல்வதை அவர்கள் வெறுத்தனர். வெள்ளக் காலத்தில் சிலர் கரையை உடைத்து, புதிய ஊருக்குள் நீரைப் பாய்ச்சவும் முனைந்தனர். மற்றொருபுறம், அரசு அலுவலகங்களில் பணமும் பொருளும் உரிய காலத்தில் கிடைக்காமல் பணி தடைப்பட்டது. ஊரின் ஒரு பகுதி மட்டுமே எழுந்த நிலையில், 1940களின் இறுதியில் வேலை நின்றுபோயிற்று.

இத்தோல்வியை அவர் மறைக்கவில்லை. நடந்தவற்றை எல்லாம் நூலாக எழுதி 1969ஆம் ஆண்டில் வெளியிட்டார். அந்நூல் 1973ஆம் ஆண்டில் சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக, ஏழைகளுக்கான கட்டடக் கலை என்னும் பொருள்படும் பெயரோடு ஆங்கிலத்தில் வெளிவந்து உலகெங்கும் பரவியது. வெற்றி பெற்றோர் நூல்களைக் காட்டிலும் அத்தோல்வியின் வரலாறு பல நாட்டு இளைஞர்க்கு வழிகாட்டியது.

வெயிலும் காற்றும்

மண்வீடு பழமையின் சின்னம் என்று இகழ்ந்தோர்க்கு அறிவியல் வழியிலேயே விடையும் கிடைத்தது. 1964ஆம் ஆண்டில் கெய்ரோவில் இரண்டு மாதிரிக் கட்டடங்கள் ஆராயப்பட்டன. ஒன்று மண்கல் சுவரும் வளைகூரையும் உடையது. மற்றொன்று வார்ப்புக் காங்கிரீட்டுப் பலகைகளால் ஆயது. இரவு பகல் முழுவதும் மண்வீட்டினுள் வெப்பம் 21 பாகை முதல் 23 பாகை வரையே இருந்தது. காங்கிரீட்டு அறையிலோ வெப்பம் 36 பாகை வரை உயர்ந்தது. அது வெளிக்காற்றின் வெப்பத்தினும் மிகுதி.

காரணம் எளியது. தடித்த மண்சுவர் வெப்பத்தை மெல்ல மெல்லவே உள்ளே விடும். பகல் வெப்பம் உட்புறத்தை அடைவதற்குள் இரவு வந்துவிடும். இரவின் குளிர் சுவரை மீண்டும் ஆற்றிவிடும். வளைகூரையின் ஒரு பக்கம் வெயிலில் இருக்கும்போது மறுபக்கம் நிழலில் இருக்கும். சூடான காற்று மேலே உயர்ந்து நிற்க, கீழே இருப்போர்க்குக் குளிர்ச்சி உண்டாகும்.

பழைய கெய்ரோ மாளிகைகளில் காற்றைக் கீழே இறக்கும் கூண்டுகள் உண்டு. மல்கஃப் என்று அரபு மொழியில் அவற்றைக் கூறுவர். கூரைக்கு மேல் உயர்ந்து, காற்று வரும் திசை நோக்கி வாய் திறந்திருக்கும் அக்கூண்டு, புழுதி குறைந்த காற்றைப் பிடித்து அறைக்குள் அனுப்பும். அதனுள் ஈரக்கரி நிரப்பிய தட்டிகளை ஹசன் பொருத்தினார். கோடையில் தமிழ்நாட்டார் சன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி நீர் தெளிப்பதும் இம்முறையே. வெயிலை மறைத்துக் காற்றை விடும் மரப்பின்னல் சன்னல்களையும், இரவுக் குளிரைத் தேக்கிவைக்கும் உள்முற்றங்களையும் அவர் தம் வீடுகளில் அமைத்தார். இக்கருத்துக்களைத் தொகுத்து 1986ஆம் ஆண்டில் மற்றொரு நூலாக வெளியிட்டார்.

பாலைவனத்தின் நடுவில்

1957ஆம் ஆண்டில் கிரேக்க நாட்டு ஏதென்சு நகருக்குச் சென்று சில ஆண்டுகள் பணியாற்றியபின், அவர் தாயகம் திரும்பினார். எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில், கார்கா என்னும் பசுந்திடலை அடுத்து நிலத்தடி நீர் கண்டறியப்பட்டது. அங்கே 250 குடும்பங்களுக்காகப் பாரிசு என்னும் புதிய ஊரை அமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. கொடிய வெப்பம் நிலவும் அவ்விடத்தில், உழவர் கொண்டுவரும் காய்கறிகள் வாடாதிருக்க வேண்டும். அதற்காக அங்காடியின் அடியில் நிலவறைகளை அமைத்து, உயர்ந்த காற்றுக் கூண்டுகளால் அவற்றைக் குளிர்வித்தார். மின்விசிறியும் பொறியும் இன்றியே அவ்வறைகள் குளிர்ந்தன. ஆனால், 1967ஆம் ஆண்டுப் போர் மூண்டமையால் அப்பணியும் பாதியில் நின்றது.

இருமுறை ஊர் அமைக்க முயன்று இருமுறையும் முடிவு காணாதவர் வேறொருவராயின் மனம் உடைந்திருப்பார். ஹசன் ஃபத்ஹி உடையவில்லை. கெய்ரோக் கோட்டைக்கு அருகில் பழங்காலத்து வீடு ஒன்றில் எளிய வாழ்க்கை வாழ்ந்து, தம்மை நாடி வந்த இளைஞர்க்குத் தாம் கற்றவற்றைக் கற்பித்து வந்தார். அமெரிக்க நாட்டு நியூ மெக்சிகோவில் பள்ளிவாசல் ஒன்றைக் கட்ட அழைக்கப்பட்டபோது, நூபியக் கொத்தர்களையும் தம்மோடு கொண்டு சென்றார். கல்லாதவர் என இகழப்பட்ட அவர்கள், கடல் கடந்த நாட்டில் கற்றவர்க்கு ஆசிரியராயினர்.

1980ஆம் ஆண்டில் ஆகாகான் கட்டடக் கலைப் பரிசுக் குழுவின் தலைவர் பரிசும், நல்வாழ்வுப் பரிசு எனப்படும் சுவீடன் நாட்டுப் பரிசும் அவரை வந்தடைந்தன. 1984ஆம் ஆண்டில் உலகக் கட்டடக் கலைஞர் ஒன்றியம் பொற்பதக்கம் அளித்தது. 1989ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள் அவர் கெய்ரோவில் மறைந்தார்.

விதை விழுந்த நிலங்கள்

2006ஆம் ஆண்டிற்குப் பின்னர்ப் பழைய குர்னா ஊர் இடிக்கப்பட்டு, அதன் மக்கள் வேறிடத்தில் குடியேற்றப்பட்டனர். ஹசன் கட்டிய புதிய குர்னாவிலும் மண்வீடுகள் பல அழிந்து, காங்கிரீட்டு வீடுகள் எழுந்துவிட்டன. எனினும், பள்ளிவாசலும் அரங்கும் அவர் பெயரைக் கூறி நிற்கின்றன.

கட்டடம் அழிந்தாலும் கருத்து அழியவில்லை. தமிழ்நாட்டு எல்லையில் புதுச்சேரியை அடுத்துள்ள ஆரோவில்லில், மண் கட்டடக் கலையைக் கற்பிக்கும் நிலையம் ஒன்று 1989ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. சாரமின்றி வளைகூரை எழுப்பும் நூபியர் முறை அங்கே கற்பிக்கப்படுகிறது. ஆனால், எகிப்தில் செய்ததை அப்படியே அங்குச் செய்வதில்லை. எகிப்துப் பாலைவனத்தில் மழை மிக அரிது. தமிழ்நாட்டிலோ ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும். வெறும் மண்கல் அம்மழையில் கரைந்துவிடும். ஆதலின், மண்ணுடன் நூற்றுக்கு ஐந்து பங்களவு சிமெண்டு கலந்து, பொறியால் அழுத்திக் கற்களை உருவாக்குகின்றனர். முறையைக் கற்று, அதனைத் தம் நிலத்திற்கேற்ப மாற்றிக்கொள்வதே ஹசன் ஃபத்ஹியைப் பின்பற்றும் வழியாகும்.

அவர் வாழ்க்கை இரண்டு உண்மைகளைப் புலப்படுத்துகிறது. ஓர் ஊரின் வெயிலுக்கும் காற்றுக்கும் ஏற்ற வீடு எது என்பதை அவ்வூர்க் கொத்தனும் தச்சனும் குயவனும் தலைமுறை தலைமுறையாய் அறிந்து வைத்துள்ளனர். அவ்வறிவை இகழ்வோர் தம் செல்வத்தையே இழக்கின்றனர். இஃது ஒன்று. மற்றொன்று குர்னா கற்பித்த கசப்பான பாடம். குளிர்ந்த வீடும் அழகிய ஊரும் மட்டும் மக்களை வாழவைக்கா. அங்கு வாழப்போவோரின் விருப்பமும் பிழைப்பும் வரைபடத்தில் முதலில் இடம்பெற வேண்டும்.

சோளிங்கர் வட்டாரத்தில் மண்சுவர் வீடு ஒன்று இடியும்போது, அதனைக் கட்டிய கையின் அறிவும் உடன் இடிகிறது. அவ்வீட்டின் சுவர் எத்துணைத் தடிப்பு, மண்ணுடன் கலந்தவை எவை, திண்ணை எத்திசை நோக்கியது என்று முதியோரிடம் கேட்டறியும் மாணவன், அஸ்வான் கொத்தரின் முன் நின்ற அப்பேராசிரியரின் வழியில் முதல் அடி எடுத்து வைத்தவன் ஆவான்.